கரி வந்திருச்சு

கடற்கரைக்குப் பெட்டி கட்டுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் கட்டிப் பார்த்ததில்லை, மாப்பிள்ளை. மணலுக்கு ஒரு செருப்பு, அறைக்கு ஒரு செருப்பு என்று இரண்டு வேண்டும். நனைந்த துணியைப் போடத் தனியாக ஒரு பை வேண்டும். தொப்பி நசுங்காமல் இருக்க அதற்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணிக்க வேண்டும். அனுவின் பையை நான்தான் கட்டினேன். அதோ, அலமாரிக்கு மேலே இருக்கிறது. மழை விட்டதும் துணிகளை எடுத்து வெயில் காட்டி மறுபடி மடித்து வைக்கிறேன். பூஞ்சை ஒரு பொட்டுக்கூட இல்லை. வேண்டுமானால் பிரித்துப் பாருங்கள்.

தேநீரைக் குடியுங்கள். கப்பலிலிருந்து இறங்கி நேராக நான்கு மாடி ஏறி வந்தவர், உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள், "அக்கா, எம் பொண்டாட்டி எப்படிச் செத்தா?" என்று. தங்கையின் கணவர் கேட்கும்போது பதில் சொல்வதுதான் முறை. நான் எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் முதலிலிருந்து கேட்டால்தான் உங்களுக்கு நியாயம் புரியும். பாதியில் எழுந்துவிடாதீர்கள்.

அந்தக் கடற்கரை யோசனை உங்களுடையது. 2007இல் தண்ணீர்த் திருவிழாவுக்கு விடுப்பில் வந்தபோது ஒரு வண்ணப் புத்தகம் கொண்டுவந்தீர்கள். உங்கள் கப்பல் தலைவரின் தம்பி கிரேக்க நாட்டில் பாரோஸ் என்ற தீவில் விடுதி வைத்திருக்கிறார் என்றீர்கள். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, நாணல் வேய்ந்த குடைகள், குடைக்குக் கீழே சாய்வு நாற்காலிகள். அக்டோபரில் அங்கே கூட்டம் குறைந்துவிடும், உங்களுக்கும் ஓய்வு கிடைக்கும், அனு விமானத்தில் வந்து சேர்ந்துகொண்டால் பத்து நாள் தங்கலாம் என்றீர்கள். அங்கே போய் என்ன செய்வது என்று நான் கேட்டேன்.

"ஒண்ணும் செய்யவேணாம் அக்கா. அதுக்குத்தானே போறது" என்று சிரித்தீர்கள்.

அனுவுக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துவிட்டது. நீங்கள் கப்பலுக்குத் திரும்பிய பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "யாரும் கதவைத் தட்டாத எடத்துல பத்து நாள் படுத்துக் கெடக்கணும் அக்கா" என்பாள். இந்த ரங்கூனில் அது சின்ன ஆசை இல்லை. விருந்தாளி யாராவது பதிவு செய்யாமல் தங்கியிருக்கிறார்களா என்று வார்டு ஆட்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து தட்டுவார்கள். தட்டும் சத்தம் கேட்டால் பாவம் செய்யாதவனும் முதலில் விளக்கை அணைப்பான்.

திட்டம் போடுவதில் நான்தான் அவளுக்குக் கூட்டு. தோசை மாவு அரைத்துத் தேநீர்க் கடைகளுக்குக் கொடுக்கிறவளுக்குக் கிரேக்கத் தீவைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். அந்தப் புத்தகத்தில் இருந்த ஒவ்வொரு படமும் எனக்கு மனப்பாடம். எந்த அறையிலிருந்து கடல் தெரியும், எது சமையற்கட்டுப் பக்கம், எல்லாம் தெரியும். மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் அலைந்து அவளுக்குத் தொப்பி வாங்கியது நான். நீச்சலுடைக்கு மேலே போர்த்திக்கொள்ள மெல்லிய அங்கி தைத்ததும் நான். சாய்வு நாற்காலியில் எப்படிப் படுப்பது என்று பழகிப் பார்க்க வேண்டும் என்று பால்கனியில் பாயை விரித்துக் குடையைக் கட்டிவிட்டு இருவரும் படுத்துக் கிடந்தோம். கீழே பேருந்துக்காரன் கத்திக்கொண்டு போனான். அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

அப்போதுதான் அந்த வேடிக்கை ஆரம்பித்தது. பர்மியர்கள் கிரேக்கத்தைக் கரி என்று சொல்வார்கள். அவர்கள் வாயில் முதல் எழுத்து கொஞ்சம் அழுத்தமாக வரும். நம் வாயில் வந்தால் அது அடுப்புக்கரிதான். "எங்கடி போறே, கரிக்கா? வரும்போது ஒரு மூட்டை வாங்கிட்டு வா" என்பேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பாள். அன்றிலிருந்து எங்களுக்குள் அந்தத் தீவின் பெயர் கரி.

நான் ஏன் கூடப் போகவில்லை என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. நான் இதே பசுந்தாங்கில் பிறந்தவள். ஆனாலும் என் கையில் இருப்பது வெளிநாட்டார் அட்டை. அப்பா காசிவிசுவநாதன் செட்டியார் வட்டிக்கடை போனபின்பும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கியவர். என் அம்மா இறந்த பிறகு ஒரு பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அனு அந்தச் சின்னம்மாவின் பெண். அதனால் அவளுக்குக் குடிமக்களின் இளஞ்சிவப்பு அட்டை, அதைக் காட்டினால் பாஸ்போர்ட். எனக்கோ ரங்கூனைத் தாண்டி ஓர் இரவு தங்குவதற்கே அனுமதி வாங்க வேண்டும். ஒரே அப்பாவின் பிள்ளைகள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், அட்டை மட்டும் வேறு நிறம்.

சின்னம்மா முதலில் போனார். கலவரம் நடந்த எண்பத்தெட்டில் அப்பாவும் போனார். அனு அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை நான்தான் திருப்பி அனுப்பினேன். சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு எந்த வீட்டுக்குப் போவது? இதைச் சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்களை அவளுக்குப் பார்த்துக் கட்டிவைத்ததுகூட நான்தான். வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருக்கிற மாப்பிள்ளை என்றால் பெண் நம் வீட்டிலேயே இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். அது நல்ல கணக்கு.

செப்டம்பரில் பாங்காக் வழியாக டிக்கெட் வந்தது. விசாவும் வந்தது. நான் கட்டிய பை இவ்வளவு கனமாக இருக்கிறதே என்று பிரித்துப் பார்த்தேன். அடியில், துண்டில் சுற்றி, சின்னம்மாவின் தனாக்காக் கல் இருந்தது. முகத்துக்குப் பூசும் தனாக்காக் கட்டையை உரைக்கிற அந்த வட்டக் கல் எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே பெண்கள் வீடு மாறும்போதுதான் அதை எடுத்துப் போவார்கள். பத்து நாள் கடற்கரையில் கிடக்கப் போகிறவள் தாயார் கல்லை எதற்கு எடுத்துப் போகிறாள்? எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நீங்கள் இருவரும் திரும்பி வரப் போவதில்லை. நான் கல்லைத் துண்டில் சுற்றி இருந்தபடியே வைத்தேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, மாப்பிள்ளை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அந்த வாரம்தான் புத்த மடத்துப் பொங்கிமார் பிட்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மழையில் ஊர்வலம் போனார்கள். ஊரே தெருவில் நின்றது. அனு தண்ணீர்ப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு ஓடி அவர்களுக்குக் கொடுத்தாள். ஓரத்தில் நின்றவர்கள் படம் எடுத்தார்கள். பிறகு துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஆட்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். இதெல்லாம் உண்மை. ஊருக்கே தெரிந்தது.

நான் சேர்த்தது ஒரு வாக்கியம் மட்டும்தான். மாவு கொடுத்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்: "அனு, உன் படத்தை வச்சுக்கிட்டு ஆளுங்க தேடுறாங்க. கீழ விசாரிச்சுட்டுப் போனாங்க."

யாரும் வரவில்லை. அவள் விமானத்தைத் தவறவிட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். ஒரு வாரம் போனால் யாரும் வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் உள் அறைக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். "வெளியே பூட்டிடு அக்கா. வீட்டுல ஆளே இல்லாத மாதிரி இருக்கட்டும்" என்றாள். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டச் சொன்னது அவள்தான்.

அதன்பின் ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்று வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்தில், அனு மோல்மீனில் அவள் அம்மா வழிச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். நீங்கள் தெருமுனைப் போன் மேசைக்குக் கூப்பிட்டபோது, அவளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது, நீங்கள் விசாரித்தால் அவளுக்குத்தான் ஆபத்து, ஊர்ப்பக்கம் வரவே வராதீர்கள் என்றேன். நீங்கள் போனில் அழுதீர்கள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அது நடிப்பில்லை. அனுவிடம் வந்து, மாப்பிள்ளை பேசினார், ஆபத்து விலகியதும் வேறு டிக்கெட் அனுப்புகிறார், பொறுமையாக இருக்கச் சொன்னார் என்றேன். இந்த நாட்டில் இந்த மூன்றையும் எல்லோரும் நம்பினார்கள். ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. இது என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

அவளை நான் கஷ்டப்படுத்தினேன் என்று நினைத்தால் அது தவறு. உள் அறை என்பதால் வெயில் வராது, அது ஒன்றுதான் குறை. விடுமுறையை நாங்கள் விடவில்லை. மாவு அரைக்கும் இயந்திரம் ஓடும்போது வெளியே பேச்சுக் கேட்காது. அந்த நேரத்தில்தான் கரியைப் பற்றிப் பேசுவோம். அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டால் அலைபோல இருக்கிறது என்பாள். அலுமினியத் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கல்லுப்புப் போட்டுக் கொடுப்பேன், காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உங்களிடமிருந்து வந்த செய்தி என்று நானே சொல்வேன். விடுதிக்காரர் கதவுக்குப் புதுச் சாயம் அடித்திருக்கிறார், இந்த வருஷம் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது, உங்களுக்கு மேல்மாடி அறை ஒதுக்கியிருக்கிறார். எனக்கு அது நன்றாக வந்தது. சில நாள் அவளைவிட நான்தான் அதிகமாக அந்தத் தீவில் இருந்தேன்.

தட்டும் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போக வேண்டும். அது அவளே வைத்துக்கொண்ட ஏற்பாடு. டிக்கெட் வந்து ஆபத்தெல்லாம் விலகிய நாளில் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டாள். "கரி வந்திருச்சுன்னு சொல்றேன். அந்த வார்த்தையைக் கேட்டா தைரியமா வெளியே வா" என்றேன். அடுத்த வீட்டில் யார் கேட்டாலும் அடுப்புக்குக் கரி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவளுக்கு அது ரொம்பப் பிடித்தது. அடிக்கடி கேட்பாள், "அக்கா, கரி எப்ப வரும்?" என்று.

"திடீர்னு அவங்க வந்துட்டா நான் எப்படி அக்கா தப்பிக்கிறது?" என்றும் கேட்பாள். "சமையற்கட்டுக் கதவைத் திறந்தா பின்பக்கத்து இரும்புச் சுழல்படி இருக்கே. இறங்கினா சந்து. யாருக்கும் தெரியாது" என்று சொல்லியிருந்தேன். சொன்னபோது அது உண்மை.

அடுத்த மே மாதம் நர்கிஸ் புயல் வந்தது. நாங்கள் இருவரும் கட்டிலுக்கு அடியில் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். கூரைத் தகடுகள் பறக்கிற சத்தம் கேட்டது. விடிந்தபின்னும் காற்று அடங்கவில்லை. சமையற்கட்டில் தண்ணீர் புகுந்துவிட்டதா என்று பார்க்க நான் மட்டும் எழுந்து போனேன். பின்கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துருப்பிடித்த சுழல்படி நம் மாடிக்குக் கொஞ்சம் கீழே கழன்று சந்தில் விழுந்தது. மேலே சில படிகள் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றன. நான் கதவைத் தாழிட்டேன். அனுவிடம் சொல்லவில்லை. படி இருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி. அதை ஏன் கெடுப்பது?

அந்த மழைக்காலத்தில்தான் ஒருநாள் தனாக்காக் கல்லைப் பற்றிக் கேட்டேன். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், அதை எதற்கடி பையில் வைத்தாய் என்று. "அங்க வெயில் கொளுத்துமாம் அக்கா. அவங்க விக்கிற கிரீம் எனக்கு ஒத்துக்குமோ என்னமோ. பத்து நாளைக்குத் தனாக்கா இல்லாம எப்படி? உனக்கு வேணும்னா நாளைக்கே எடுத்துக்க, வந்து தர்றேன்னு இருந்தேன்" என்றாள்.

நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிற மாதிரி நானும் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குக் கதவைத் திறந்திருக்கலாம். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறந்து என்ன சொல்வது? ஒரு வருஷம் ஆகப்போகிறது. தவிர, எங்களுக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டிருந்தது. காலையில் நான் மாவு கொடுத்துவிட்டு வருவேன், அவள் எனக்காகக் காத்திருப்பாள். எனக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

ஒரே ஒரு தடவைதான் முரண்டு பிடித்தாள். தலைமுடி கொட்ட ஆரம்பித்திருந்தது. "என்னால முடியல அக்கா. நானே போய் ஒத்துக்கிறேன். தண்ணிதானே குடுத்தேன். அடிச்சாலும் ஒருநாள் விட்டுடுவாங்க" என்றாள். செருப்பைக்கூடப் போட்டுவிட்டாள். நான் தடுக்கவில்லை. என் அட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். "போ. உன்னை ஒளிச்சு வச்ச குத்தத்துக்கு என்னை இந்தியாவுக்கு ஏத்தி விடுவாங்க. நான் பாக்காத ஊரு. அங்க எனக்கு யாரு இருக்கா?" என்றேன். அவள் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனாள். நல்ல பெண், மாப்பிள்ளை. நான் வளர்த்த பெண்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

அடுத்த வருஷம் கோடையில் மின்சாரம் இருப்பதே அபூர்வமாகிவிட்டது. இயந்திரம் ஓடவில்லை, நான் கையால்தான் அரைத்தேன். ஆட்டுக்கல்லின் சத்தத்துக்கு மேலே எங்கள் பேச்சு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. அங்கே ஜைனப் இருக்கிறாளே, கீழே சாமான் கடை வைத்திருக்கிற மீரா முகைதீனின் மனைவி. அவள் காதில் விழுந்தது ஒரே வார்த்தைதான். கரி எப்போ வரும், கரிக்கு எப்போ போவது, கரி, கரி. பாவம், சிகப்பியக்கா தனியாக இருந்துகொண்டு அடுப்புக்குக் கரி இல்லாமல் புலம்புகிறாள், வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அவளுக்கு இரக்க குணம். ஒரு மூட்டைக் கரி வாங்கி, மாடிக்குச் சுமந்து வரச் செய்து, நம் வாசலில் இறக்கினாள். நான் அப்போது மாவு கொடுக்கப் போயிருந்தேன்.

வெளிக் கம்பிக்கதவில் பூட்டுத் தொங்கியது. இந்தக் கட்டடத்தில் உள்ளே இருந்துகொண்டே கம்பி இடுக்கில் கையை விட்டு அதே வளையத்தில் பூட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. அதனால் ஜைனப் நான் வீட்டில் இருப்பதாக நினைத்தாள். அவள் தட்டக்கூட இல்லை. கம்பியோரம் வாயை வைத்துக் கூப்பிட்டாள்:

"சிகப்பியக்கா! கரி வந்திருச்சு!"

நான் மாடி ஏறி வரும்போது ஜைனப் பாதிப் படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அனு உள்ள இருக்குது. தொப்பியப் போட்டுக்கிட்டு, பையத் தூக்கிக்கிட்டு, மரக்கதவத் தொறந்துக்கிட்டு வந்து நிக்குது. சிரிக்குது. 'கரிக்குப் போறேன் லாத்தா'ங்குது. இங்க ஏன் இருக்கேன்னு கேட்டா, போலீசு தேடுதாம்ல? அப்படி யாரும் வந்து நான் பாக்கலையே? நீங்க மோல்மீன்ல இல்ல இருக்குன்னு சொன்னீங்க?"

"சாவி எங்கயோ விழுந்துருச்சு. நீ போய் உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா. சுத்தியலும் எடுத்துக்க" என்றேன். அவள் கீழே ஓடினாள். சாவி என் கையில்தான் இருந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் அனு நின்றாள். நான் வாங்கிக் கொடுத்த தொப்பி. நான் தைத்த அங்கி. முகத்தில் தனாக்கா பூசியிருந்தாள், புதிதாக உரைத்தது, ஈரம்கூடக் காயவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் என் மனசு எப்படிப் போயிருக்குமோ. அவள் கோபப்படவில்லை.

"அக்கா, என்னை யாருமே தேடலைன்னு லாத்தா சொல்றாங்க. அப்ப நாம சும்மாவா இருந்தோம்?" என்றாள். நான் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். "சரி, போகுது. யாரோ உங்கிட்ட தப்பாச் சொல்லியிருப்பாங்க. கதவைத் தொற அக்கா. ஒருதரம் கடலைப் பாத்துட்டு ஓடி வந்திடறேன்" என்றாள்.

ஓடி வந்திடறேன் என்றாள். கப்பலுக்குப் போகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். நீங்களும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொன்னீர்கள்.

கீழே காலடிச் சத்தம் கேட்டது. மீரா முகைதீனும் கடைப் பையன்களுமாகப் பலர் ஏறி வந்தார்கள். கனமான காலடிகள். அவளும் கேட்டாள், கண் மாறியது. நான் கம்பியோடு வாயை வைத்துச் சொன்னேன்:

"ஜைனப்தான் காட்டிக் குடுத்துட்டா. அவங்க வர்றாங்க. பின்படி வழியா இறங்கு."

அவள் என்னைப் பார்த்தாள். ஜைனப் சொன்னது ஒரு பக்கம், நான் சொன்னது ஒரு பக்கம். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் யோசித்தாள். பையை அங்கேயே வைத்துவிட்டுச் சமையற்கட்டுக்கு ஓடினாள். தாழ் திறக்கிற சத்தம் கேட்டது. இரும்புப் படியில் அவள் செருப்புச் சத்தம் கொஞ்சம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

நான் பூட்டைத் திறந்து உள்ளே போய், முதலில் பையை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தேன்.

துப்பாக்கிச் சத்தம் கேட்ட நாளிலிருந்து அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினாள், அதனால் மறைத்து வைத்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். எழுதிக்கொண்டு போக வந்தவர்களும் அப்படியே எழுதினார்கள். உங்களுக்கு மட்டும், அவள் இறந்துவிட்டாள் என்பதற்கு மேல் போனில் ஒன்றும் சொல்லவில்லை. தான் கூப்பிட்டதால்தான் அனு பயந்து ஓடி விழுந்தாள் என்று ஜைனப் நினைக்கிறாள். அவள் வீட்டில் இப்போது கரி அடுப்பே இல்லை. அந்த மூட்டையை அவள் திருப்பி வாங்கிக்கொள்ளவும் இல்லை. நல்ல கரி, புகையே இல்லை. மழைக்காலம் முழுக்க வந்தது. நீங்கள் போகும்போது அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அழுது அழுது ஒரு வழியாக அவளுக்குப் பழகிவிட்டது.

அந்தப் படி இல்லை என்று எனக்குத் தெரியுமா என்பதுதானே உங்கள் வாயில் நிற்கிறது. தெரியும். அதைத்தான் இவ்வளவு நேரமும் சொன்னேன். அது விழுந்ததை இந்தக் கண்ணால் பார்த்தவள் நான். சொல்லும்போதும் அது என் நினைவில் இருந்தது.

ஆனால் நீங்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். டிக்கெட் இருந்தது, விசா இருந்தது, கணவர் காத்திருந்தார், பக்கத்து வீட்டுக்காரி உண்மையைச் சொல்லிவிட்டாள். இத்தனையும் இருந்தும் கடைசியில் அவள் நம்பியது என் வார்த்தையைத்தான். எல்லோரும் அவளைக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தீர்கள். அவள் என்னை விட்டுப் போகவில்லை, மாப்பிள்ளை.